தாமதமா, தாக்குதலா?

வண்டி காலந்தாழ்ந்து வருமாயின், நடைமேடையில் நிற்போர் முதற்கண் நொந்துகொள்வது அதனை ஓட்டிவரும் லோகோ பைலட்டைத்தான். ஆயின் தாமதத்தின் காரணம் பெரும்பாலும் அவர் கையில் இருப்பதில்லை. எங்கோ ஒரு நிலையத்தில் சிக்னல் பழுதுபட்டிருக்கும். எங்கோ தண்டவாளப் பணி நடந்திருக்கும். முன்னே சென்ற சரக்கு வண்டி வழிவிடாது நின்றிருக்கும். பதிவேட்டைப் புரட்டினாலன்றிக் காரணம் இன்னதென்று துணிய இயலாது. ரயில்வேயில் பதினான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாகப் பணியாற்றியதில் நான் கற்ற பாடம் இஃதே. நம் பிள்ளைகளின் கணினி விளையாட்டுக்கும் இப்பாடம் பொருந்தும் என்பதை, நாகபுரியில் எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களிடையே நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று. பிள்ளைகளைப் பெற்றோர் யாவர்க்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதத் துணிகின்றேன்.

எங்கள் குடியிருப்பின் சிறுவர் சிறுமியர் இருபத்துநால்வர் 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை ஒன்றுகூடி ஆடி வருகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்தே ஆடினும், அனைவரும் சேருமிடம் ஒன்று வேண்டுமன்றோ? அதுவே 'சர்வர்' எனப்படும் பொதுக் கணினி. மும்பையிலுள்ள ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதன் மேற்பார்வையை என் தமக்கையின் மகன் ஏற்றிருந்தான். பதினொன்றாம் வகுப்பில் பயில்பவன், கெட்டிக்காரன், அவசரக்காரனும்கூட.

அக்டோபர் மாதத்தில் ஒரு தொல்லை தொடங்கிற்று. இரவு ஒன்பது மணிக்கெல்லாம் ஆட்டம் உறைந்து நிற்கும். வெட்டிய மரம் மீண்டும் முளைக்கும். நடந்தவன் பின்னோக்கி இழுக்கப்படுவான். சில நிமிடங்கள் சென்றபின் தானே சீர்ப்படும். அச்சமயத்தில்தான் பிலாஸ்பூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துச் சிறுவன் குழுவில் சேர்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். "நான் நினைத்தால் இந்தச் சர்வரையே விழுத்தாட்டி விடுவேன்" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லியிருக்கின்றான். வேறு சான்று எதற்கு? அவனே குற்றவாளி என்று முடிவு செய்து, குழுவினின்றும் விலக்கிவிட்டனர்.

விலக்கியது விளையாட்டினின்றும் மட்டுமன்று. அவன் தாயார் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். என் அலுவலகத்திலேயே பணிபுரியும் அவன் தந்தையார் என்னைக் கண்டால் தலைகுனிந்து செல்லலானார். ஊர்விட்டு ஊர் வந்து, மொழி தெரிந்த நாற்பது குடும்பங்களை நம்பி வாழ்வோர்க்கு இஃது எத்துணைத் துன்பம் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் தொல்லை நின்றபாடில்லை. "இப்பொழுது வெளியே இருந்துகொண்டு தாக்குகிறான் மாமா" என்றான் என் மருமகன். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. உள்ளே இருந்தாலும் குற்றம், வெளியே போனாலும் குற்றம் என்றால், அவன் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்க வழிதான் யாது? பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கணினி நூல்களை முறையாகப் பயின்றவன் அல்லேன். எனினும் பதிவேடு பார்க்கத் தெரியும். "உன் சர்வருக்குப் பதிவேடு உண்டா?" என்று கேட்டேன். உண்டென்றான். இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஓர் அடிப்படையை அறிந்துகொள்ள வேண்டும். மைன்கிராஃப்ட் சர்வர் தன் உலகத்தை விநாடிக்கு 20 முறை புதுப்பிக்கின்றது. இதனை 'டிக்' என்பர். ஒரு டிக்குக்குரிய நேரம் 50 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அந்நேரத்துக்குள் வேலையை முடிக்க இயலாதபோது டிக் எண்ணிக்கை இருபதினின்றும் குறையும். மிகவும் பின்தங்கின், 'ஈடுகொடுக்க இயலவில்லை' என்று சர்வர் தானே பதிவேட்டில் எழுதிவைக்கும்.

இது சர்வரின் உள்ளே நிகழும் தாமதம். வழியில் நிகழும் தாமதம் வேறு. வீட்டுக்கும் சர்வருக்கும் இடையே செய்திகள் 'பாக்கெட்' எனப்படும் சிறு பொதிகளாகச் செல்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். நாகபுரியிலிருந்து மும்பை ரயில் வழியில் சுமார் 840 கிலோமீட்டர். அதே தொலைவுக்கு இழை இடப்பட்டிருப்பின், ஒரு பொதி போய்த் திரும்ப எட்டு மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இடையிலுள்ள சந்திப்புகளில் நின்று செல்வதால் இன்னும் சிறிது கூடும். இவ்வாறு போய்வரும் நேரத்துக்கே 'பிங்' என்று பெயர்.

ஆகவே தாமதம் கண்டவுடன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "யார் செய்தது?" என்பதன்று, "எங்கே நிகழ்ந்தது?" என்பதே. டிக் குறைந்திருந்தால் நோய் சர்வரின் உள்ளே. டிக் இருபதாகவே இருக்க, ஒருவர் மட்டும் தடுமாறினால் நோய் அவர் வீட்டு வழியில். டிக் இருபதாகவே இருக்க, எல்லோரும் ஒருசேர அறுந்து விழுந்தால் நோய் சர்வரின் வாயிலில். இம்மூன்றையும் பிரித்தறியாமல் தாக்குதல் என்று கூவுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

இனித் தாக்குதல் என்பது யாதெனக் காண்போம். என் தொழிலைக்கொண்டே சொல்லுகின்றேன். முன்பதிவுச் சாளரத்தில் ஒருவர் வந்து, "சென்னைக்கு நான்கு டிக்கெட்" என்கின்றார். குமாஸ்தா இடம் பார்த்து, படிவத்தைச் சரிபார்த்து, பணத்துக்குக் கை நீட்டும்போது ஆளைக் காணோம். அடுத்தவரும் அவ்வாறே. இங்ஙனம் ஆயிரம் பேர் வந்தால், மெய்யாகவே ஊருக்குச் செல்ல வேண்டியவர் வரிசையின் கடைசியில் நின்று வண்டியைத் தவறவிடுவார். சாளரத்தை எவரும் உடைக்கவில்லை. பணத்தை எவரும் திருடவில்லை. ஆயினும் பணி நின்றுவிட்டது. இதனையே 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்பர். 1996-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் 'பானிக்ஸ்' என்னும் இணைய நிறுவனம் இவ்வகைத் தாக்குதலால்தான் முடங்கிற்று. இணைப்பைத் தொடங்கும் முதற் பொதியை மட்டும் அனுப்பிவிட்டு, முடிக்காமலே விடுவது அம்முறை.

பல இடங்களிலிருந்து ஒரே வேளையில் தொடுப்பது 'டி.டி.ஓ.எஸ்.' எனப்படும். இதில் பிறர் வீட்டுப் பொருள்களே படையாகின்றன. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், உலகெங்குமுள்ள கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றிற்று. எப்படி? தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை உரியவர்கள் மாற்றாமல் விட்டிருந்தனர்; அவ்வளவே. அதனை இயற்றிய மூவரும் இருபது வயதையொட்டிய அமெரிக்க இளைஞர். அவர்கள் முற்படக் குறிவைத்தவற்றுள் மைன்கிராஃப்ட் சர்வர்களும் அடங்கும். ஒரு சர்வர் விழுந்தால் அதன் வாடிக்கையாளர் வேறிடம் செல்வர் என்னும் வாணிப நோக்கமே காரணம். 2017 டிசம்பரில் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

விளையாட்டுச் சர்வரே பிறரைத் தாக்கும் கருவியாவதும் உண்டு. 'குவேக்' என்னும் பழைய விளையாட்டின் சர்வரிடம் சிறு கேள்வி கேட்டால் நீண்ட விடை தரும். கேட்டவர் முகவரியாக வேறொருவர் முகவரியைப் பொய்யாக எழுதிவிட்டால், விடை முழுதும் அவர் தலையில் விழும். அனுப்பியதைப்போல் சுமார் 64 மடங்கு பெருகும் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு 2014-ஆம் ஆண்டில் கணக்கிட்டது.

இதன் தீமை ஒரு விளையாட்டோடு நிற்பதில்லை என்பதற்கு அண்டோரா சான்று. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே மலைகளில் அமைந்த சின்னஞ்சிறு நாடு அது. இணைய வசதி தருவது 'அண்டோரா டெலிகாம்' என்னும் ஒரே நிறுவனம். 2022 ஜனவரியில் ஸ்பானிய மொழி ஆட்டக்காரர்கள் ஒரு பெரும் மைன்கிராஃப்ட் போட்டி நடத்தினர். பரிசு ஒரு லட்சம் டாலர். ஆட்டக்காரர் பலர் அண்டோராவில் வசித்தனர். போட்டி நடந்த நாட்களில் அந்நிறுவனத்தின்மீது மீண்டும் மீண்டும் தாக்குதல் நிகழ்ந்தது. அந்நாட்டு ஆட்டக்காரர் பலர் இணைப்பறுந்து போட்டியை இழந்தனர். அவர்களோடு, அப்போட்டியின் பெயரைக்கூடக் கேட்டிராத பொதுமக்களும் இணையமின்றித் தவித்தனர்.

இத்தாக்குதலை அறியும் குறிகள் யாவை? தட்கல் முன்பதிவை நினைத்துப் பாருங்கள். குளிர்சாதன வகுப்புக்குக் காலை பத்து மணிக்கும், ஏனையவற்றுக்குப் பதினொரு மணிக்கும் கூட்டம் வெள்ளமெனப் பெருகும். அது தாக்குதலன்று. வருவோர் உள்ளே நுழைகின்றனர், படிவம் நிரப்புகின்றனர், டிக்கெட் பெறுகின்றனர், அல்லது பெறாது வருந்துகின்றனர். வரும் நேரத்துக்குக் காரணமும் உண்டு. தாக்குதற் கூட்டமோ கதவைத் தட்டும்; உள்ளே வாராது. ஆகவே தட்டியவர் எத்துணை, நுழைந்தவர் எத்துணை என்னும் விகிதத்தைக் காண வேண்டும். வழக்கமாக இருபது பேர் தட்டி இருபது பேர் நுழையும் இடத்தில், இருபதாயிரம் தட்டல்கள் இருந்து ஒருவரும் நுழையாவிடில், அது முதற் குறி. பொதிகள் யாவும் ஓரச்சில் வார்த்தவைபோல் ஒரே அளவாக இருப்பது இரண்டாம் குறி. ஒரு நொடியில் தொடங்கி ஒரு நொடியில் ஓய்வது மூன்றாம் குறி. மக்கள் கூட்டம் சிறிது சிறிதாகத்தான் சேரும். சிறிது சிறிதாகத்தான் கலையும்.

சர்வரைத் தாக்காமல், தாமதத்தையே ஆயுதமாகக்கொள்வாரும் உளர். 2004-இல் வெளிவந்த 'ஹேலோ 2' விளையாட்டில், ஆட்டத்தை நடத்தும் பொறுப்பிலிருந்த சிலர் தம் மோடத்திலுள்ள பொத்தானை அழுத்தி இணைப்பைச் சிறிது நேரம் நிறுத்துவர். எதிரிகள் சிலைபோல் நிற்க, இவர்கள் அவர்களைச் சுட்டுவிட்டு இணைப்பை மீட்பர். இக்காலத்தில் இதற்கென்றே கம்பியில் விசை பொருத்துவாரும் உண்டு. இதனை 'லேக் சுவிட்ச்' என்பர். இதை அறிவது எங்ஙனம்? மெய்யாகவே கெட்டுப்போன இணைப்பு வெற்றி தோல்வி பாராது. சும்மா நிற்கும்போதும் தடுமாறும், சாகும்போதும் தடுமாறும். வேண்டுமென்றே செய்பவனின் தடுமாற்றமோ சண்டை வேளையில் மட்டுமே வரும். ஓரிரு விநாடி பொதிகள் அறவே நின்று, பின்னர் மூட்டையாக வந்து விழும். ஒவ்வொரு முறையும் ஆதாயம் அவனுக்கே. ஒருநாள் கண்டதைக்கொண்டு தண்டித்தல் கூடாது. பல ஆட்டங்களின் பதிவை ஒப்பிட வேண்டும். மிகவும் பிந்தி வந்த செயலைச் சர்வர் ஏற்காது தள்ளிவிடுமாறு அமைப்பதே இதற்கு நல்ல மருந்து. அவ்வாறாயின் எவரையும் குற்றஞ்சாட்டாமலே ஏமாற்று பயனற்றுப் போகும்.

மைன்கிராஃப்டில் வேறொரு வகையும் உண்டு. பொருள்களை ஓயாது நகர்த்தும் பொறிகளை ஆயிரக்கணக்கில் கட்டி, சர்வருக்கு மூச்சுவிடவும் நேரமில்லாமற் செய்துவிடலாம். அப்பொழுது டிக் குறையும். எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செலவாகின்றது என்பதை 'ஸ்பார்க்' போன்ற கருவிகள் காட்டிக்கொடுக்கும். ஆர்வத்தால் பெரிய பொறி கட்டிய குழந்தைக்கும், கெடுக்கவென்றே கட்டியவனுக்கும் கணக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் முதலில் பொறியைப் பிரிக்கச் சொல்வதே முறை.

இனி எங்கள் கதைக்கு வருவோம். நானும் மருமகனும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள் இட்டோம்: நேரம், டிக், அறுந்தவர், தட்டியவர். பன்னிரண்டு இரவுகள் எழுதினோம். பன்னிரண்டிலும் ஒன்பது மணிக்கே தொல்லை தொடங்கிற்று. பன்னிரண்டிலும் டிக் ஏழு எட்டு வரை வீழ்ந்தது. அறுந்தவர் எவருமிலர். வெளியிலிருந்து தட்டியவரும் வழக்கத்துக்கு மேல் இல்லை. எனவே நோய் உள்ளேதான், வாயிலில் அன்று.

பதிவேட்டை நானே ஒருமுறை பார்த்தேன். ஒன்பது மணிக்கு நிகழ்ந்தவற்றின் எதிரே 15:30 என்று அச்சாகியிருந்தது. "இதென்ன நேரம்?" என்றேன். "சர்வர் கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது மாமா. ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்" என்றான். "அப்படியானால் பிற்பகல் மூன்றரைக்கு ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

அவன் முகம் வெளுத்தது. உலகம் முழுவதையும் நாள்தோறும் ஒரு பிரதி எடுத்துவைக்குமாறு அவன்தான் அமைத்திருந்தான். எல்லோரும் பள்ளியில் இருக்கும் நேரமாயிற்றே என்று பிற்பகல் 3:30 எனக் குறித்திருந்தான். அது கிரீன்விச்சின் மூன்றரை என்பதை எண்ணவில்லை. நமக்கு அது இரவு ஒன்பது. ஆட்டம் உச்சத்திலிருக்கும் வேளையில், சர்வர் தன் உலகம் முழுவதையும் நகலெடுத்துத் திணறிக்கொண்டிருந்தது. அக்டோபர் மாதத்தில் பிரதியெடுக்கும் ஏற்பாட்டைச் செய்ததும், புதிய சிறுவன் வந்ததும் ஒரே வாரத்தில் நேர்ந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.

நேரத்தை மாற்றினான். மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு தடங்கலும் இல்லை. அதன்பின் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சட்டையை மாட்டிக்கொண்டு அச்சிறுவன் வீட்டுக்குப் புறப்பட்டான்; நானும் உடன் சென்றேன். "தப்பு என்னுடையது தம்பி. சர்வரைக் கெடுத்தவன் நான்தான்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். சிறுவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்படிப் பெருமையடித்ததும் தப்புதான் அண்ணா" என்றான். அவன் தாயார் உள்ளே சென்று காப்பி கலந்துவந்தார். அடுத்த மாதக் கூட்டத்தில் மூவரையும் கண்டேன்.

ஜனவரியில் பொங்கல் போட்டி நடந்த ஞாயிறன்று மெய்யான தாக்குதலே வந்தது. மாலை நாலேகால் மணிக்கு, அரை நிமிடத்துக்குள் அனைவரும் அறுந்து விழுந்தனர். ஆனால் இம்முறை எவரும் எவர் பெயரையும் கூறவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்தனர். அதனை இப்பொழுது எழுதிவருபவன் அந்தச் சிறுவனே. டிக் இருபதினின்றும் அசையவில்லை. வாடகை நிறுவனத்தின் வரைபடத்தில், விநாடிக்கு ஒரு மெகாபிட்டையும் எட்டாத உள்வரவு, ஒரே நொடியில் குழாயின் கொள்ளளவு முழுவதையும் நிறைத்திருந்தது. உள்ளே நுழைந்தவர் ஒருவருமிலர். நாற்பது நிமிடங்கள் கழித்து வந்ததுபோலவே நின்றது. செய்தவர் யாரென்பது இன்றளவும் தெரியாது. அனுப்பியவர் முகவரிகள் பொய்யாகவோ, ஏமாந்தவர் வீட்டுக் கேமராவின் முகவரியாகவோ இருக்கக்கூடும். ஆகவே முகவரியைக்கொண்டு ஆளைத் துணிதல் இயலாது. பதிவுகளை நிறுவனத்துக்கு அனுப்பினோம். அவர்கள் வெள்ளத்தை வடிகட்டும் காப்புள்ள சர்வருக்கு மாற்றித் தந்தனர். அடுத்த ஞாயிறு போட்டி இனிது நிறைவேறிற்று.

பெற்றோர்க்குச் சில சொற்கள். தாக்குதல் நேர்ந்தால் பதிவேட்டை அழிக்காமல் காக்க வேண்டும். வாடகை நிறுவனத்திடம் நேரத்தைக் குறித்து முறையிட வேண்டும். மிரட்டிப் பணம் கேட்பார்க்குக் கொடுத்தலாகாது. பதிலுக்குத் தாக்குதலும் கூடாது. சிறு தொகைக்கு இத்தாக்குதலைச் செய்து தருவதாக அழைப்போரும் உளர். பிள்ளைகள் அதனை விளையாட்டென்று எண்ணிவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66-ஆம் பிரிவுகளின்படி, உரியவர் கணினியை அணுகவொட்டாது தடுப்பதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விளையாட்டுச் சர்வர்களைத் தாக்கிய யூட்டா மாநிலத்து இளைஞர் ஒருவர்க்கு அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் 27 மாதச் சிறை விதித்தது. மேலும், நம் வீட்டு ரௌட்டர், கேமரா ஆகியவற்றின் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். நாமறியாமலே பிறரைத் தாக்கும் படையில் நம் வீடும் சேர்ந்துவிடாதிருக்க அதுவே எளிய வழி.

எல்லாவற்றிற்கும் மேலாக, குற்றவாளியைத் தேடுமுன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தின் விலை முப்பது ரூபாய். அதனை முன்பே வாங்கியிருந்தால், ஒரு குடும்பம் இரண்டு மாதம் தலைகுனிந்து நடந்திருக்க வேண்டியதில்லை.